நூலகம் மூடிய பிறகு வீடு திரும்புகிறவர்கள்

"கிராமத்து நூலகம் செத்துவிட்டது, இனிக் கைபேசிதான் நூலகம்" என்று மேடைக்கு மேடை ஒப்பாரி வைக்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்த ஒப்பாரி எடுபடாது. நூலகம் மூடிய பிறகே வீடு திரும்புகிற ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு இங்கே நூலகம் பிறக்கவே இல்லை. பிறகெங்கே சாவது?

பழங்கதை எல்லோருக்கும் தெரியும். 1931-ல் மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம், 1948-ல் நூலகவியலாளர் அரங்கநாதன் முயற்சியில் வந்த பொது நூலகச் சட்டம், ஊர்தோறும் திராவிட இயக்கப் படிப்பகங்கள். எல்லாம் போற்றத்தக்கவையே. ஆனால் படிப்பகத்துப் பெஞ்சில் பேப்பர் விரித்தவர்கள் ஆண்கள். பெண்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, வீட்டுக்கு வீடு கைமாற்றினார்கள். அந்த நூலகத்தை எந்த வரலாற்றாசிரியரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம்தான் உருப்படியான காரியம் செய்தது. கலைஜாதா என்ற கலைப்பயணத்தின் பாட்டும் நாடகமும் முதலில் தெருவுக்கு வந்தன. புத்தகம் பின்னால் வந்தது. சோறாக்கி இறக்கிவிட்டு வருகிறவளின் சௌகரியத்துக்கு வகுப்பு நடந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' படித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த இயக்கத்தை 'முடிந்த திட்டம்' என்று கோப்பில் கட்டிவைத்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகக் கட்டடம் எழுப்பியது. பல இடங்களில் பூட்டுதான் மிச்சம்.

நூலகம் பூட்டிக் கிடந்தாலும் கலைக்கு இங்கே பஞ்சமில்லை. லாலாப்பேட்டைப் பள்ளி ஆசிரியை சுகிர்தராணி 'இரவு மிருகம்' கவிதைத் தொகுப்பை எழுதியபோது, விமர்சகர்கள் 'உடல்மொழி' என்று சோம்பேறி முத்திரை குத்தி நகர்ந்தார்கள். அவர் எந்த மண்ணிலிருந்து பேசுகிறார் என்று கேட்கவில்லை. ஆண்களே பெண்வேடம் கட்டிய வட மாவட்டங்களின் வடக்கத்திப் பாணித் தெருக்கூத்தில், காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கத்தில் பயின்ற பெண்கள் இன்று தாங்களே குழு கட்டி ஆடுகிறார்கள்.

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஷூவின் மேல்பாகத்தை வாசற்படியில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள் பெண்கள். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. கண்ணும் விரலும் தோலில், காது மட்டும் சும்மா இருக்கிறது. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுருட்டினார்கள். படிப்பவருக்குத் தொழிலாளர்களே காசு போட்டுக் கொடுத்தார்கள். கேரளத்துப் பீடிக் கம்பெனிகளிலும் அதுவே வழக்கம். குடியாத்தத்துப் பீடிக்காரிக்கும் ஆம்பூர்த் தையல்காரிக்கும் படித்துக்காட்ட ஆள் இல்லாமலா போய்விட்டது? 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, மாலை வகுப்பெடுக்க முன்வந்தவர்களில் பெண்களே மிகுதி. என்னைக் கேட்டால் அவர்கள்தான் இந்த வட்டாரத்தின் நூலகர்கள்.

"நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்துதானே இருக்கிறது?" என்பார்கள். ஞாயிறு துணி துவைக்கிற நாள் ஐயா. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வசூலாகிறது. கம்பெனிகளும் தங்கள் கட்டடங்களுக்கு அந்த வரியைக் கட்டுகின்றன. அதில் ஒரு பங்கை எடுத்து, கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், தமிழும் உருதும் படித்துக்காட்டத் தெரிந்த ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து, இரவு ஒன்பது வரை ஒரு அறையைத் திறந்து வைக்கட்டும்.