இல்லாத படத்தை வாசித்தல்

ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' படத்தை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க வழியில்லை, பிரதி மிஞ்சவில்லை. அப்புறம் என்னத்த விமர்சனம்? மிஞ்சியிருப்பது அதன்மேல் விழுந்த கல். அதை வாசிக்கலாம்.

அகஸ்தீஸ்வரத்து நாடார் கிறிஸ்தவரான டேனியல் சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸைத் தொடங்கினார். கதை, இயக்கம், கதாநாயக வேஷம் எல்லாம் அவரே. வெளியானது 1928 என்பார்கள். ஆய்வாளர் பலர் 1930 என்கிறார்கள். கேப்பிட்டல் தியேட்டரில் கல் பறந்தது. நாயர் பெண் சரோஜினியாக நடித்த பி.கே. ரோஸி, காக்காரிச்சி நாடகம் ஆடிவந்த தலித் பெண்.

சாதி வெறி என்று ஒரு வார்த்தையில் இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 1859 பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையின் நிழலில் வளர்ந்த சாதிக்காரர் ஒருவர், தனக்கும் கீழே வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு நாயர் உடுப்பு உடுத்தித் திரையில் நடக்கவிட்டார். டேனியல் இதைத் தெரிந்தே செய்தாரா என்பது கேள்வியே இல்லை. கல்லெறிந்தவனுக்குப் பிரதி சரியாகவே புரிந்தது.

பிரான்சில் ஜார்ஜ் மெலியஸும் நொடித்துப்போய் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மை விற்றார். ஆனாலும் 1931இல், உயிரோடிருக்கும்போதே லெஜியன் ஆஃப் ஹானர் கிடைத்தது. டேனியல் பல் வைத்தியரானார். பென்ஷன் கேட்டபோது, நீங்க தமிழ்நாட்டு ஆளுல்லா என்ற கணக்கில் கேரள அரசு கைவிரித்தது. படம் எடுத்தபோது அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956இல் எல்லைதான் நகர்ந்தது, ஆளு நகரல. 1975இல் சொந்த ஊரில் இறந்தார். 1992இல் அதே கேரளம் அவர் பெயரில் விருது நிறுவியது.

இன்று அவர் மலையாள சினிமாவின் தந்தை. பேச்சே இல்லாத படத்துக்கு மொழி அடையாளம் பின்னால் ஒட்டப்பட்டதுதானே! தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்களோ அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

2013இல் வந்த 'செல்லுலாயிட்' டேனியலுக்கு ஒரு துயரக் காவியம் கட்டுகிறது. அதில் ரோஸி மிரண்டு ஒடுங்கிய பெண். இரக்கப்படுவது நமக்குச் சுலபம். நாடக மேடையில் ஆடிப் பழகியவள் அப்படியா கேமரா முன் நின்றிருப்பாள்? ஊரைவிட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தினாள். டேனியலுக்கு விருதாவது உண்டு. ரோஸி அதன்பின் திரைக்கு வரவேயில்லை.