வாகனம் பெருத்தது, வீரன் சிறுத்தான்

ஒரு நூல் சிறப்புற்று விளங்குமாயின், அதன் தொடர்ச்சியாக வரும் நூலுக்கு இரு கடமைகள் உண்டாகின்றன. ஒன்று, முன்னதன் உயிரைக் காத்தல். மற்றொன்று, முன்னதில் இல்லாததொன்றைச் சேர்த்தல். பின்னதை விரும்பி முன்னதை இழந்த படைப்புகள் பல. வீடியோ விளையாட்டும் கதை சொல்லுங் கலையாகிவிட்ட இந்நாளில், அதனையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். சிறுவர் விளையாட்டுத்தானே என்று ஒதுக்குவோர் உளர். நம் இளைஞர் எதில் இரவெல்லாம் கருத்தைச் செலுத்துகின்றனரோ, அதன் குணங்குற்றங்களை ஆராயாதிருத்தல் அறிவுடைமையாகாது.

லண்டனிலுள்ள ராக்ஸ்டெடி நிறுவனத்தார் 2011-ல் "பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி" என்பதையும், 2015-ல் அதன் தொடர்ச்சியாக "பேட்மேன்: ஆர்க்கம் நைட்" என்பதையும் வெளியிட்டனர். பின்னது காட்சியழகில் மிக்கது. கதைத்தகுதியில் முன்னதற்குக் குறைந்தது என்பதே நமது துணிபு.

முன்னதன் சிறப்பு யாது? கோத்தம் என்னும் கற்பனை நகரின் ஒரு பகுதியை மதிலெழுப்பிச் சிறையாக்கி, குற்றவாளிகளை அதனுள் அடைத்துவிடுகின்றனர். வௌவாலுடை தரித்த வீரனான பேட்மேனும் அதனுள் தள்ளப்படுகிறான். அவன் பகைவனாகிய ஜோக்கர், நஞ்சேறிய தன் குருதியை அவனுடலிற் செலுத்திவிடுகிறான். மருந்து தேடி ஓரிரவு அலைவதே கதை. வீரனோ நோயாளி, துப்பாக்கி தொடாதவன், எவரையும் கொல்வதில்லையென்று விரதம் பூண்டவன். ஆகவே இருளிற் பதுங்கி, சமயம் பார்த்து, எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்த வேண்டும். மிஸ்டர் பிரீஸ் என்பானொடு பொரும் கட்டத்தில், ஒருமுறை பலித்த உபாயம் மறுமுறை பலிப்பதில்லை. அவன் அதனையறிந்து தடுத்துவிடுகிறான். புதிது புதிதாகச் சிந்தித்தாலன்றி வெற்றியில்லை. இறுதியில் ஜோக்கர் வீரனைக் குத்த, மருந்துக் குப்பி வீழ்ந்துடைகிறது. அவன் செயலே அவனுக்கு முடிவாகிறது. அப்பகைவனது உடலைக் கைகளில் ஏந்தி வீரன் மெளனமாய் வெளியே நடந்து வருகிறான். இதனினும் உயர்ந்த முடிவு வேறு யாது?

பின்னதைக் காண்போம். ஸ்கேர்குரோ என்பவன் அச்சமூட்டும் நச்சுப்புகையை ஏவுவதாக மிரட்ட, மக்கள் நகரைவிட்டு வெளியேறிவிடுகின்றனர். வெறுந்தெருக்களில் ஓட்டுதற்குப் பேட்மொபில் என்னும் வண்டி தரப்படுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அது பீரங்கி வண்டியாகிவிடும்! கொல்லாவிரதம் பூண்டவன் பீரங்கி சுடுவதெங்ஙனம்? இவ்வையம் ஆக்கியோருக்கும் எழுந்திருக்க வேண்டும். ஆதலின் பகைவரின் டாங்கிகளிற் பெரும்பாலானவை ஆளில்லாதவையென்று அமைத்தனர். வண்டி கயவரை நெருங்கினால், அவர்கள் மின்னதிர்ச்சியால் வீழ்ந்தனர் என்று முடித்துவிடுகின்றனர். இங்ஙனம் விரதம் காப்பாற்றப்பட்டது. அதன் பொருளோ போயிற்று. கொல்லாமையாவது, கொல்லக்கூடிய இடத்திற் கொல்லாதிருத்தல். எதிரே உயிரே இல்லாவிடத்து அவ்வறத்திற்குச் சோதனை ஏது?

டெத்ஸ்ட்ரோக் என்பவன் வாட்போரிலும் சூழ்ச்சியிலும் வல்ல கொலையாளி. அவனோடு நேருக்கு நேர் பொருதலை எதிர்பார்த்திருந்தோர்க்குக் கிடைத்தது மற்றொரு டாங்கிச் சண்டையே. மிஸ்டர் பிரீஸோடு பொருத அறிவு எங்கே, இது எங்கே? கதையின் முழு முடிவைக் காண விழைவோர் ரிட்லர் என்பவனது 243 புதிர்களையும் முடித்தாக வேண்டும். இது சுவையன்று, சுமை.

எனினும் நடுவுநிலைமை தவறலாகாது. மாண்டுபோன ஜோக்கர் வீரனது மனத்துள்ளே தோன்றி எள்ளி நகையாடும் கட்டங்கள் முன்னதினும் மேலானவை. வீரனது உண்மைப் பகை அவனுக்குள்ளே இருக்கிறது என்னும் கருத்து அங்குத் தெளிவாகிறது. அக்கட்டங்களுக்குப் பீரங்கி தேவைப்படவில்லை என்பதையும் நோக்குக.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2015 ஜூன் 23-ல் விற்பனைக்கு வந்த இதன் கணினிப் பதிப்பு, குறைபாடுகள் மலிந்திருந்தமையால் ஒரு வாரங் கழியுமுன்னரே விற்பனையினின்றும் நிறுத்தப்பட்டது. அக்டோபர் இறுதியிலேதான் திரும்ப வந்தது. உழைத்துச் சேர்த்த காசைக் கொடுத்து வாங்குவோனுக்கு அரைகுறைப் பண்டத்தை விற்றல் எவ்வகையில் நியாயம்? விற்பனையை நிறுத்தியது சரியே. விற்குமுன் சோதித்திருந்தால் அதனினும் சரியாயிருந்திருக்கும்.

கருவி வளர்ந்தால் கதை வளரும் என்று எண்ணுவது மயக்கம். வீரனை உயர்த்துவது அவன் ஏறிவரும் ஊர்தியன்று. அவன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட வரம்பே. இதனை உணர்ந்து, புதியது என்பதனாலேயே ஒன்றை மேலானதென்று கொள்ளாது, தம் அறிவைக்கொண்டு எடைபோட நம் இளைஞர் பழகுவாராக.