பிள்ளையார் பக்கம்

கள்ளக்குறிச்சியில் பழைய ரிக்கார்டு தேடுகிறவர்கள் பாட்டுக்கடையை விசாரித்துப் பயனில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, முன்பு மைக்செட் வைத்திருந்த வீடு எது என்று டீக்கடையில் கேட்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985இல் அது எரிந்ததை இன்னும் பெருமூச்சோடு சொல்வார்கள். நமக்கு வாய்த்தது மைக்செட்காரரின் பரண்.

தேய்ந்த தட்டு, பரணில் வெயில் பட்டு நெளிந்த தட்டு, எனாமல் பெயின்டில் உரிமையாளர் பெயர் எழுதிய உறை. விலை ஏறுவதற்காகச் சேர்க்கிறவர்கள் இவற்றைத் தொட மாட்டார்கள். எனக்கு இவைதான் வேண்டும்.

வாங்கும் முன் தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு என்றால் ஒரு பக்கம் சாம்பல் பூத்திருக்கும், மறுபக்கம் கரிச்சட்டி போல் கருகருவென்று மின்னும். கல்யாணமோ காதுகுத்தோ, குழாய் ஸ்பீக்கர் கட்டியதும் முதலில் விழுவது அந்தப் பாட்டுதான். கனமான ஊசிமுனை ஆண்டுக்கணக்கில் அதே தடத்தை உழுதிருக்கிறது. 'திருவிளையாடல்' (1965) கதை வசனத் தட்டில் தருமி வரும் இடம் மட்டும் வெளுத்திருக்கும். எந்த ஊர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே இருக்கிறது?

78 சுற்றுத் தட்டு கிடைத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் பாட்டு. தட்டோ அரக்கு, கைதவறினால் அப்பளம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) படத்துக்கு ஜி. ராமநாதன் போட்ட பாட்டுகளை இந்தத் தட்டில் கேட்பது வேறு அனுபவம். ஆனால் அழுக்கைத் துடைக்க ஸ்பிரிட்டை எடுத்துவிடாதீர்கள். அரக்கை அது கரைத்துவிடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தட்டின் பாதிப் பாட்டு என் பஞ்சோடு போயிற்று. சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் போதும், நடுவில் ஒட்டிய லேபிள் நனையாமல் இருந்தால் சரி.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கேசட் வந்ததும் ரிக்கார்டுகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டவர். என்னிடமிருந்த சின்ன பிளேயரில் பிள்ளையார் தட்டின் மின்னும் பக்கத்தைப் போட்டேன். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. "இந்தப் பக்கத்த ஏன் ஐயா போடவே இல்ல?" என்றேன்.

"எங்க தம்பி போட உடறானுங்க? பிள்ளையார் முடிஞ்சதும் 'படப்பாட்டு, படப்பாட்டு'ன்னு பந்தல்ல கத்துவானுங்க."

அடுத்து அவரே திருப்பிப் போட்டார். முதலில் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து சீர்காழியின் குரல் மெல்ல எழுந்தது. பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

சாக்கு முழுவதையும் 600 ரூபாய்க்குக் கொடுத்தார். பிள்ளையார் தட்டை மட்டும் உருவித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, காலி உறையை என்னிடம் நீட்டினார்.