மொட்டைத் தலையும் இசைத்தட்டும்

கலை மனிதனை மேம்படுத்தும் என்பதை நம்மில் பலர் விசாரணைக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே வைத்திருக்கிறோம். கூடவே இன்னொன்றும்: சந்தைக்கு வெளியே, ஸ்தாபனத்துக்கு வெளியே, ஒரு சிறு குழுவுக்குள் நடப்பது எதுவோ அது அந்தக் காரணத்தாலேயே சுத்தமானது. இந்த இரண்டையும் பிரிட்டனின் ஸ்கின்ஹெட் இசைக்கு எதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

1960களின் இறுதியில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு திரிந்த லண்டன் தொழிலாளர் வீட்டு வெள்ளைப் பையன்கள் ஆடியது, ஜமைக்காவிலிருந்து குடியேறிய கறுப்பர்களின் ஸ்கா, ரெகே தாளங்களுக்கு. உடையிலும் நடையிலும்கூட அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. (அதே பையன்களில் பலர் பாகிஸ்தானியரைத் தெருவில் அடித்ததும் உண்டு. பொற்காலம் ஏதும் இருந்துவிடவில்லை.) கறுப்பரின் புளூஸை வாசித்தே பேர் வாங்கிய எரிக் கிளாப்டன், 1976ல் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்’ இயக்கம் அதற்குப் பதிலாகப் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் ஸ்டீல் பல்ஸின் ரெகேயும் கிளாஷின் பங்க்கும் ஒரே மேடையில் ஒலித்தன. அந்த நிகழ்ச்சியின் பலம் பாட்டு வரிகளில் இல்லை. யார் பக்கத்தில் யார் நின்று வாசித்தார்கள் என்பதில்தான்.

எதிர்த்தரப்பும் இதைப் புரிந்துகொண்டிருந்தது. நேஷனல் ஃபிரண்ட் கட்சி 1979 தேர்தலில் 303 தொகுதிகளில் நின்று ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஓட்டு தராத இளைஞனைப் பாட்டு தரும் என்று கண்டுகொண்டது. ஸ்க்ரூடிரைவர் குழுவின் 1977 இசைத்தட்டில் இனவெறி கிடையாது. 1983ல் அதே பாடகர் இயன் ஸ்டூவர்ட் வெள்ளை ஆதிக்கத்தைத் தலைப்பிலேயே வைத்துப் பாடினார். இசையின் கரகரப்பு பழையதுதான். வெள்ளை இனத் தூய்மையைப் பாட அவர்களுக்குக் கிடைத்தது கறுப்பனின் புளூஸில் வேர்விட்ட ராக் என்பதும் யாரையும் உறுத்தவில்லை. முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினால் எதிராளி வெட்கப்பட்டு ஒதுங்குவான் என்பது விமர்சகனின் பகற்கனவு.

வரிகள் துண்டுப் பிரசுரத் தரம். அவற்றைக் கேட்டு வாதத்தில் தோற்று ஒருவன் இனவெறியனானான் என்று நான் நம்பவில்லை. வேலை செய்தது வேறொன்று. ஸ்டூவர்ட் 1987ல் தொடங்கிய ‘பிளட் அண்ட் ஆனர்’ (ஹிட்லர் இளைஞர் படையின் கோஷத்திலிருந்து எடுத்த பெயர்) கச்சேரி நடக்கும் இடத்தை முன்கூட்டி வெளியிடாது. ஒரு ரயில் நிலையம்வரை வரச் சொல்வார்கள். அங்கிருந்துதான் இடம் தெரியும். வேலையில்லாமல் ஊர் சுற்றும் பதினேழு வயதுப் பையனுக்கு, நம்பி இடம் சொல்லப்பட்டவர்களில் தானும் ஒருவன் என்ற கிளர்ச்சி அந்தப் பயணத்திலேயே கிடைத்துவிடுகிறது. கொள்கை பிறகு வந்து சேரும். அவர்களுக்கும் சொந்தப் பத்திரிகை இருந்தது. தபாலில் விற்பனை. பெரும் பத்திரிகைகள் மீது ஏளனம், புறக்கணிக்கப்பட்டவர்கள் என்ற கர்வம். இந்தப் பட்டியல் நமக்கு அந்நியமாகப் படுகிறதா? குறைந்த பிரதிகள் என்பது ஒரு விநியோக நிலைமை. அதை ஒரு மதிப்பீடாக நாம்தான் ஆக்கிக்கொண்டோம்.

அமெரிக்காவில் இது பட்டவர்த்தனம். ‘ரெஸிஸ்டன்ஸ் ரெக்கார்ட்ஸ்’ கம்பெனியை 1999ல் வாங்கிய வில்லியம் பியர்ஸ், 60 வயதைத் தாண்டிய முன்னாள் பௌதிகப் பேராசிரியர், நாஜிக் கருத்துள்ள ‘நேஷனல் அலையன்ஸ்’ அமைப்பின் தலைவர். அவருக்கு அது ஆளும் பணமும் சேர்க்கும் வழி. 2012ல் விஸ்கான்ஸின் ஓக் கிரீக் குருத்வாராவில் அன்று 6 பேரைச் சுட்டுக் கொன்றவன், இத்தகைய குழுக்களில் வாசித்தவன்.

இணையத்தில் ரயில் நிலையமும் தேவையில்லை. 1995ல் தொடங்கிய ‘ஸ்டார்ம்ஃபிரண்ட்’ தளத்தில் வெறுப்பு முகமூடி இல்லாமல் இருந்தது. பின்னால் வந்தவர்கள் கேலியைப் பிடித்துக்கொண்டார்கள். 1990களின் யூகோஸ்லாவியப் போரில் செர்பியத் தரப்பில் எழுந்த ஒரு பிரசாரப் பாட்டு பல வருஷங்கள் இணையத்தில் வேடிக்கையாகச் சுற்றியது. பகிர்ந்தவனைக் கேட்டால் சும்மா தமாஷ் என்பான். பலருக்கு அது தமாஷாகவும் இருந்திருக்கும். கவிதையில் இந்த இரட்டைத் தொனியை நாம் முதிர்ச்சியின் அடையாளமாகப் பாராட்டி வந்திருக்கிறோம். யாருடைய செலவில் அந்தத் தொனி என்று கேட்பது இலக்கியத்துக்குப் புறம்பானது என்றும் சொல்லி வந்திருக்கிறோம். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், முதல் மசூதியை நோக்கிக் காரோட்டிப் போனதை ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான். காரில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.