ஓர் அறையில் இரண்டு மனைவியர்

பலதார மணம் என்றதும் ‘சக்களத்திச் சண்டை’ என்ற சொல் நம் வாயில் வந்துவிடுகிறது. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற தீர்ப்பும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெச்செட்டாவின் ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ (1979) நாவலை அந்தத் தீர்ப்போடு படித்தால் பாதி நாவல் நமக்குத் தவறிவிடும். தலைப்பு தாய்மையின் இன்பங்களைச் சொல்கிறது. நாவலோ அதற்குப் பெண்கள் கொடுக்கும் விலையைக் கணக்கெடுக்கிறது.

நாயகி நு எகோ இக்போ இனப் பெண். முதல் கணவன் வீட்டில் அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டாவதாக வந்தவள் சீக்கிரமே கருவுறுகிறாள். இளையாளின் குழந்தைக்கு ஒளிந்து பால் கொடுக்கும்போது நு எகோ பிடிபட்டு அடி வாங்குகிறாள். பிறகு லாகோஸில் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கும் நைஃபேக்கு மனைவியாகிறாள். அண்ணன் இறந்ததும் அவன் மனைவியர் மரபுப்படி நைஃபேயின் பொறுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியான அடாக்கு, மகளோடு லாகோஸுக்கு வருகிறாள்.

இருப்பதோ ஒரே அறை. இரவில் கணவனும் இளையாளும் கூடும் ஓசையைக் கேட்டபடி நு எகோ தூங்காமல் கிடக்கிறாள். இதே ஓசையை நாவல் முன்பும் ஒருமுறை எழுப்பியிருக்கிறது. அவளுடைய தந்தை அக்பாடி தன் காதலி ஓனாவோடு முற்றத்தில் கழித்த இரவை மனைவியர் எல்லோரும் கேட்டார்கள். அன்று நோயில் விழுந்த மூத்தாள் எழுந்திருக்கவேயில்லை. அவளோடு புதைக்க, உயிருக்கு மன்றாடிய அவளுடைய அடிமைப் பெண்ணை அடித்துக் குழிக்குள் தள்ளினார்கள். அந்த அடிமைப் பெண்தான் நு எகோவின் ‘சி’, அதாவது அவள் வாழ்வை நடத்தும் ஆவி. மூத்தாள், இளையாள் என்ற வரிசைக்கும் கீழே, பொறாமைப்படக்கூட உரிமையில்லாத ஒருத்தி கிடக்கிறாள் என்பதை எமெச்செட்டா மறக்கவிடுவதில்லை.

கிராமத்தில் மனைவிக்குத் தனிக் குடிசையாவது இருந்தது. காலனிய நகரம் அதைப் பறித்துக்கொண்டது. ஆனால் மகனைப் பெற்றவளுக்கே மதிப்பு என்ற விதியை அப்படியே விட்டுவைத்தது. போட்டி பிறப்பது இந்த இடத்தில்தான். போட்டியாளர்களாகவே இருந்தாலும், நைஃபே தரும் வீட்டுச் செலவுப் பணம் போதாதபோது இருவரும் சேர்ந்து சமைக்க மறுக்கிறார்கள். பிள்ளைகளின் பசிக்கு முன் அந்த வேலைநிறுத்தம் நீடிக்கவில்லை. ஆனாலும் இவர்கள் பிறவிப் பகைவர்கள் அல்ல என்பதற்கு அது சாட்சி.

பின்னொரு நாள் அடாக்குவைப் பார்க்க வந்த விருந்தாளியை நு எகோ அவமதித்து அனுப்புகிறாள். ஊர் ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். தவறு மூத்தாளுடையது, கண்டிக்கப்படுவதோ அடாக்கு. காரணம், அவளுக்கு மகன் இல்லை. பரம்பரையைக் காப்பவளோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு என்ன தகுதி என்பதுதான் பஞ்சாயத்தின் வாதம். அடாக்கு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். உடலை விற்றாவது வாழ்வேன், என் மகள்களைப் படிக்க வைப்பேன் என்கிறாள்.

நாவலோடு எனக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான். நு எகோவின் தனிமைக்குள் அத்தனை ஆழமாக இறங்கும் எமெச்செட்டா, வெளியேறிய அடாக்குவின் மனதுக்குள் அப்படி இறங்கவில்லை. அவளுடைய விடுதலைக்கு என்ன விலை என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியில், மகன்கள் கடல் கடந்து வாழ, நு எகோ தெருவோரத்தில் யாருமின்றிச் சாகிறாள். பிள்ளைகள் ஆடம்பரமாக அடக்கம் செய்கிறார்கள். பிள்ளைவரம் வேண்டுவோருக்காக அவள் பெயரில் கோயிலும் எழுகிறது. அவளோ யாருக்கும் வரம் தருவதில்லை. அந்த மறுப்பைப் பழிவாங்கல் என்று நான் வாசிக்கவில்லை. தான் பட்டது இன்னொருத்திக்கு வேண்டாம் என்று, அடாக்குவிடம் சொல்லாமல் விட்டதைச் செத்த பிறகு எல்லாப் பெண்களுக்கும் அவள் சொல்வதாகவே வாசிக்கிறேன்.