அஞ்சாத அடியார்களும் அஞ்சிய குளியாளிகளும்

தமிழில் அச்சேறிய பழைய கதைப் புத்தகம் எது என்று கேட்டால் நாம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைச் சொல்வோம். அது 1879. அதற்கு முந்நூறு வருஷங்களுக்குச் சற்றுக் குறைவாக, 1586ல், முத்துக்குளித்துறை மக்களுக்கென்று அறுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு புத்தகம் அச்சாகியிருக்கிறது. போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் தமிழில் எழுதிய 'அடியார் வரலாறு' அது. 1967ல் சே. இராசமாணிக்கம் அடிகள் அதை மறுபடியும் பதிப்பித்தார். நாவல் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கதைகள்தாம், கடவுளை நம்பி, அவரைத் துதித்து, அதனாலேயே கலங்காமல் நின்றவர்களின் கதைகள்.

அதன் தமிழ், புலவர்கள் முகம் சுளிக்கக்கூடிய தமிழ். பேச்சு வழக்கும் போர்ச்சுகீசியச் சொற்களும் கலந்து கிடக்கின்றன. எனக்கு அது குறையாகப் படவில்லை. கரையில் உட்கார்ந்து கேட்பவனுக்காக எழுதியது கரையின் பேச்சில்தானே இருக்க வேண்டும்?

என் குறை வேறு. இந்த வகைப் புத்தகத்தில் அடியார் என்பவர் பிறக்கும்போதே அடியார். கொடுமைக்கார அரசன் மிரட்டுவான். அவர் அஞ்ச மாட்டார். சிறையில் போடுவான், அங்கேயும் ஸ்தோத்திரம் பாடுவார். எதற்கும் நடுங்காத மனிதருக்கு நம்பிக்கை எதற்கு? சுவிசேஷத்தில் வருகிற பேதுரு இப்படி இல்லை. தண்ணீர் மேல் நடக்கிறார், காற்றைப் பார்த்துப் பயப்படுகிறார், முழுகத் தொடங்கியதும் கூப்பாடு போடுகிறார். மீன்பிடிப்பவர் அல்லவா, கடல் எப்படிப்பட்டது என்று தெரியும்!

தூத்துக்குடிக் குளியாளிக்கும் தெரியும். கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். அடியில் அவனுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு; ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதற்குள் சிப்பியை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்ட வேண்டும். மேலே இருப்பவன் கவனமாக இருக்க வேண்டும். சுறா வராமல் இருக்க வேண்டும்.

1530களிலேயே ஞானஸ்நானம் பெற்ற பரதவர்கள் இவர்கள். 1542ல் வந்த சவேரியாரிடம் ஜெபம் கற்றவர்கள். அப்படியும், மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற 'கடல்கட்டி' இல்லாமல் இறங்க மாட்டோம் என்று குளியாளிகள் நின்றதுண்டு. இறங்குகிறவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அதிகாரிகளும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள். வேறு வழி?

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். பாதிரியார்கள் அப்படித்தான் தள்ளியிருப்பார்கள். எனக்கோ, மாதாவைத் துதித்துவிட்டுக் கடல்கட்டியையும் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதன்தான் நம்பிக்கை என்பது என்ன என்று காட்டுகிறான். பயம் போன பிறகு அவன் துதிக்கவில்லை. பயம் பக்கத்திலேயே இருக்க, துதித்துக்கொண்டு இறங்குகிறான். கடல்கட்டியிடம் கேட்பது சுறாவிடமிருந்து காப்பு. மாதாவிடம் அவன் கேட்பது அது மட்டும் இல்லை. திரும்பி வராவிட்டாலும் தான் அநாதை ஆகிவிடவில்லை என்கிற நிம்மதியும்தான். அந்த நிம்மதி இருந்தால் மூச்சுச் சிதறாது. ஒரே மூச்சை நம்பிப் பிழைப்பவனுக்கு அது சின்ன விஷயமா?

இவனுக்கு 'அடியார் வரலாறு' மாதிரியான புத்தகத்தில் இடமில்லை. ஆனால் கேட்டவன் இவன். திருநாள் வரிசையில் ஒவ்வொரு அடியாரின் கதையையும் வாசிக்கக் கேட்டிருந்தால், ஆசிரியர் எழுதாமல் விட்ட நடுக்கத்தைத் தன் நெஞ்சிலிருந்தே எடுத்துப் போட்டு நிரப்பியிருப்பான். கதையின் பாதி அவனிடம் இருந்தது.

ஹென்றிக்கஸ் 1600ல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்து முடிந்தது. 2004ல் இதே கடற்கரைக்காரரான ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதினார். நடுக்கடலில் மரத்தைப் பற்றிக்கொண்டு மிதக்கிற மூன்று பேரை அதில் படித்தபோது, ஹென்றிக்கஸ் கரையிலேயே விட்டுவிட்டுப் போன ஆட்கள் ஒருவழியாகக் கதைக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது.