வேன் டைக்கை எந்தக் கணக்கில் எழுதுவது?

2019 மார்ச் 31. ஆன்ஃபீல்ட் மைதானம். லிவர்பூலும் டாட்டன்ஹாமும் 1-1 என்ற நிலையில் இருக்க, ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடங்களே பாக்கி. டாட்டன்ஹாமின் மூசா சிசோகோ பந்தோடு பாய்ந்து வருகிறார். அவரோடு சன் ஹியுங் மின்னும் கூடவே ஓடுகிறார். குறுக்கே நிற்பவர் லிவர்பூல் டிஃபெண்டர் வர்ஜில் வேன் டைக் ஒருவர்தான். அவர் பந்தின் மேல் பாயவில்லை. பின்வாங்கிக்கொண்டே, சன்னுக்குப் போக வேண்டிய பாஸின் வழியை அடைத்துக்கொண்டார். கோல் அடிப்பதில் சன் கெட்டிக்காரர், சிசோகோ வலக்கால்காரர். ஆகவே பந்து சிசோகோவிடமே இருக்கட்டும், அவர் இடக்காலால் உதைக்கட்டும் என்பது வேன் டைக்கின் முடிவு. அப்படியே நடந்தது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. 90ஆம் நிமிடத்தில் டாட்டன்ஹாமின் ஆல்டர்வெய்ரல்டு போட்ட சுயகோலால் லிவர்பூல் வென்றது.

அந்த ஆட்டத்தையே காப்பாற்றிய இந்தச் செயல் டேக்கிள் கணக்கில் வராது. இண்டர்செப்ஷன் கணக்கிலும் வராது. டிஃபெண்டர்களை எண்களால் மதிப்பிடும் வழக்கத்தின் பெரிய குறை இதுதான். நடந்ததை எண்ணலாம், நடக்கவிடாமல் செய்ததை எப்படி எண்ணுவது? சரியான இடத்தில் நிற்பவருக்குச் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் தேவையே அதிகம் வராது. டேக்கிள் குறைவாக இருப்பது சில சமயம் திறமையின் அடையாளம்.

அதற்காக எண்களே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்ணும் ஏமாற்றும். கடைசி நொடியில் சறுக்கிப் பந்தைத் தட்டிவிட்டவரை நாம் பல வருடம் நினைவில் வைத்திருப்போம். அவரே முதலில் இடம் தவறி நின்றதை மறந்துவிடுவோம். தலையால் முட்டும் போட்டியில் எத்தனை முறை வென்றார், அவர் தவறால் எத்தனை கோல் விழுந்தது என்ற கணக்கு அந்த மறதியைத் திருத்தும். லிவர்பூலின் ரைட் பேக்காக ஆடிய அலெக்சாண்டர்-ஆர்னால்டு 2018-19 லீக்கில் 12 கோல்களுக்கு அசிஸ்ட் செய்தார். அவர் முன்னேறும்போது பின்னால் விழும் வெற்றிடத்தைப் பேசுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்தே பேச வேண்டும்.

பலர் நம்பும் இன்னொரு அளவுகோல், அணி வாங்கிய கோல்கள். லிவர்பூல் 2017-18 லீக்கில் 38 கோல் வாங்கியது. அடுத்த சீசனில் 22 மட்டுமே. பெருமை முழுவதும் வேன் டைக்குக்கே என்பது பொதுப்பேச்சு. ஆனால் அவர் வந்தது 2018 ஜனவரியில். முந்தைய சீசனின் பிற்பாதியிலேயே ஆடிவிட்டார். அடுத்த கோடையில் கோல்கீப்பர் அலிசனும் நடுக்களத்துக்கு ஃபபின்யோவும் வந்து சேர்ந்தார்கள். 22 என்ற எண்ணை மூவருக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது?

இதற்கான விடை 2020-21இல் கொஞ்சம் தெரிந்தது. அக்டோபர் 4 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் லிவர்பூல் 7-2 என்று தோற்றபோது வேன் டைக் களத்தில் இருந்தார்; காயத்தால் அலிசன் இல்லை. தடுப்பு வரிசை வழக்கம்போல மேலேறி நின்றது, முன்னால் இருந்தவர்கள் எதிரணியை நெருக்கவில்லை, அந்த வரிசையின் பின்னால் பந்து விழுந்துகொண்டே இருந்தது. பதின்மூன்று நாள் கழித்து வேன் டைக்கின் முழங்கால் போயிற்று. பிறகு மற்ற சென்டர் பேக்குகளான கோமஸ், மாட்டிப் என்று வரிசையாகக் காயம். ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் சென்டர் பேக் ஆக்கினார் பயிற்சியாளர் க்ளோப். பின்வரிசையை ஒட்டுப்போட நடுக்களம் ஓட்டையானது. ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள். மார்ச்சில் ஃபபின்யோ மீண்டும் நடுக்களத்துக்குப் போனார். நாட் ஃபிலிப்ஸ் போன்ற பெயர் பெறாதவர்கள் பின்னால் நின்றார்கள். கடைசி பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, மூன்றாம் இடம்.

ஃபிலிப்ஸ் ஓரிரு வாரத்தில் வேன் டைக்காக மாறிவிடவில்லை. அவருக்கு முன்னால் காவல் திரும்பியது, அவ்வளவுதான்.

இதை மறந்து ஒரு டிஃபெண்டரைத் தனி ஆளாக எடைபோட்டால் கிளப்புக்கே நஷ்டம். காயத்திலிருந்து மீண்ட டிஃபெண்டர் யாப் ஸ்டாம் பழையபடி இல்லை என்று கருதி 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை லாட்சியோவுக்கு விற்றது. 35 வயது லோரான் பிளாங்கைக் கொண்டுவந்தது. முந்தைய சீசனில் 31 கோல் வாங்கிய சாம்பியன் அணி, அந்த சீசனில் 45 வாங்கி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. விற்றது தவறு என்று பின்னாளில் அப்போதைய பயிற்சியாளர் ஃபெர்குசனே ஒப்புக்கொண்டார். ஸ்டாம் 2007 வரை ஆடினார்.

உங்கள் அணியின் டிஃபெண்டருக்கு மதிப்பெண் போடும்முன், அவருக்கு முன்னால் யார் ஆடினார், பின்னால் கோல் காத்தவர் யார் என்று பாருங்கள். பந்து அவர் காலுக்கு வருவதற்கு முந்தைய ஐந்து நொடிகளையும் பாருங்கள்.